கணினி செத்துவிட்டது என்று முடிவு கட்டுமுன்: திருகோணமலை வீடுகளுக்குப் பிழை பார்க்கும் வழி

எங்கள் ஊரில் வீட்டுக் கணினி ஒரு நாள் எழும்பவில்லை என்றால் உடனே வருகிற பேச்சு, "அது பழசாப் போச்சு தம்பி, புதுசு ஒண்டு எடுப்பம்" என்பதுதான். பத்து வருடத்துக்கு மேலாக உவர்மலை, உப்புவெளி, சாம்பல்தீவு, கிண்ணியா என்று சொந்தக்காரர் வீடுகளிலும் அவர்கள் சொல்லி வருகிறவர்கள் வீடுகளிலும் இந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். வயதால் நின்ற பெட்டியை விட உப்பாலும் தூசாலும் கரண்டாலும் நின்ற பெட்டியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் படிப்புக்கென்று கஷ்டப்பட்டு வாங்கியதை, இருநூறு ரூபா பற்றரிக்காகவோ கறுத்துப்போன ராம் என்கிற நினைவகப் பட்டைக்காகவோ ஒதுக்கி வைத்துவிட்டுக் கடன்பட்டுப் புதிது எடுக்கிறார்கள். அதைப் பார்க்க மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். மறுபக்கமும் இருக்கிறது, இனி ஒரு ரூபாயும் போடக் கூடாத பெட்டிக்கு மாதாமாதம் செலவழிக்கிற வீடுகளும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இது.

உங்கள் பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்து அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில்.

தொடங்குமுன்

நட்சத்திரத் தலை உள்ள ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, இரண்டு அங்குலப் புதுப் பெயின்ட் பிரஷ், வெள்ளை அழிரப்பர், டோர்ச். இவ்வளவும் போதும். பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. கழற்றிய பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். கேசிங்கின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருதரம் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள்.

பவர் சப்ளை என்கிற இரும்புப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

இன்னொன்று, கணினி எப்படியாவது ஓடிக்கொண்டிருக்கிற நிலையில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் முதலில் படங்களையும் பிள்ளைகளின் பாடக் கோப்புகளையும் வெளி டிஸ்க் ஒன்றுக்கோ பென் டிரைவுக்கோ பிரதி எடுங்கள். மிச்சத்தை அதன் பிறகு படிக்கலாம்.

சுவிட்சைப் போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை: லயிட் இல்லை, விசிறி இல்லை

முதலில் பெட்டியை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். அதே பிளக் பொயின்டில் மேசை விளக்கையோ போன் சார்ஜரையோ போட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. பழைய வீடுகளில் உருண்டை முள்ளுச் சொக்கெட்டுக்கு அடாப்டர் போட்டு, அதிலிருந்து மல்டி பிளக், அதிலிருந்து யூபிஎஸ் (கரண்ட் நின்றால் கொஞ்ச நேரம் தாங்குகிற பற்றரிப் பெட்டி), அதிலிருந்து கணினி என்று நாலு சந்தி இருக்கும். அதில் எது தளர்ந்தாலும் பெட்டி எழும்பாது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கணினியை மட்டும் நேராகச் சுவரில் போட்டுப் பாருங்கள்.

சதுர முள்ளுப் பிளக் என்றால் அதற்குள்ளேயே ஒரு சின்ன பியூஸ் இருக்கிறது, அது போயிருக்கலாம். உப்புவெளியில் மாமி ஒருவர் வீட்டில் இரண்டு மாதம் மூடிக் கிடந்த கணினிக்கு அந்த பியூஸ் மட்டும்தான் பிழை. மாமி அதற்குள் புதுக் கணினிக்கென்று சீட்டுக் காசை எடுத்து வைத்திருந்தார்.

பிறகு பெட்டியின் பின்பக்கச் சின்னச் சுவிட்ச். கூட்டித் துடைக்கும்போது கை பட்டு அணைந்திருக்கும். பவர் வயரை மொனிற்றரின் வயரோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டும் ஒரே வகைதான்.

*யூபிஎஸ் வழியாகப் போட்டால் இல்லை, நேராகப் போட்டால் ஓடுகிறது என்றால்* கணினியில் பிழை இல்லை, பெரும்பாலும் யூபிஎஸ்ஸின் பற்றரிதான் முடிந்திருக்கும். வீட்டுச் சின்ன யூபிஎஸ்களில் வருவது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பற்றரி. எங்கள் ஊர் வெக்கையில் இரண்டு மூன்று வருடம் தாங்கினால் பெரிது. பற்றரியை மட்டும் மாற்றலாம், முழு யூபிஎஸ்ஸையும் எறிய வேண்டாம்.

*நேராகப் போட்டும் இல்லை என்றால்* முன்பக்கப் பொத்தானில் துரு பிடித்திருக்கலாம். கடல் பார்த்த வீடுகளில் இது நிறையவே நடக்கிறது. கேசிங்கைத் திறந்தால் பொத்தானிலிருந்து மதர்போர்ட் என்கிற பெரிய சுற்றுப் பலகைக்கு இரண்டு மெல்லிய வயர் போகும். அதைக் கழற்றி, அந்த இடத்தில் ரீசெட் பொத்தானின் வயரைச் செருகிவிட்டு ரீசெட்டை அழுத்துங்கள். எழும்பினால் அப்படியே விட்டுவிடலாம், இனி ரீசெட்தான் உங்கள் பவர் பொத்தான்.

அதற்கும் எழும்பாவிட்டால் பவர் சப்ளையில் சந்தேகம். அயலில் யாரிடமாவது அதே மாதிரிப் பெட்டி இருந்தால் அவர்களுடைய பவர் சப்ளையைக் கொண்டு சோதிப்பதுதான் நம்பிக்கையான வழி. பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்து விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கச் சிலர் சொல்வார்கள். விசிறி சுற்றினாலும் வோல்ட் சரியாக வருகிறது என்று அர்த்தமில்லை, அதனால் புதியவர்களுக்கு அதை நான் சொல்லிக் கொடுப்பதில்லை. பவர் சப்ளை மாற்றுவது தாங்கக்கூடிய செலவு. வழமையான அளவுள்ளது என்றால் நாளைக்குப் பெட்டியையே மாற்றினாலும் அது கூட வரும். கம்பனிக் கந்தோர்களிலிருந்து கழித்து வருகிற ஒடுக்கமான பெட்டிகளில் மட்டும் அதன் வடிவம் வேறு, அதற்கென்றே தேடி வாங்க வேண்டும்.

*பவர் சப்ளை மாற்றியும் உயிரில்லை என்றால்* டோர்ச் அடித்து மதர்போர்டைப் பாருங்கள். சின்ன உருளைகள் மேற்பக்கம் வீங்கியிருக்கிறதா, எங்காவது பச்சைக் களிம்பு படர்ந்திருக்கிறதா, எரிந்த மணம் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உங்கள் வேலை முடிந்தது, திருத்துகிறவரிடம் கொண்டுபோங்கள். ஆனால் கொண்டுபோகும்போதே "மதர்போர்ட் என்றால் செய்யாதீங்க, சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். பத்து வருடப் பெட்டிக்கு அதே வயதுள்ள பாவித்த மதர்போர்டைப் போடுவதை நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். அதுவும் அதே உப்பைக் குடித்த சாமான்தான்.

விசிறி சுற்றுகிறது, லயிட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு

என்னிடம் வருகிற முறைப்பாட்டில் இதுதான் அதிகம். மாரி தொடங்கி ஒரு மாதத்துக்குள் இரண்டு மூன்று வீட்டிலிருந்தாவது அழைப்பு வரும்.

முதலில் மொனிற்றர். பிளக்கைப் போட்டதும் அதன் சின்ன லயிட் எரிகிறதா, வயர் இரு பக்கமும் இறுகியிருக்கிறதா, மொனிற்றரின் மெனுவில் சரியான வயர் தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தனிக் கிராஃபிக்ஸ் காட் உள்ள பெட்டி என்றால் வயர் அந்தக் காட்டில்தான் செருகியிருக்க வேண்டும். இடம் மாற்றி வைத்த வீடுகளில் மேலே உள்ள மற்றத் துவாரத்தில் செருகிவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மொனிற்றர் சரி என்றால் ராமுக்கு வாருங்கள். இதை நிதானமாகச் செய்ய வேண்டும். கடற்காற்றில் வருகிற உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. மாரியில், அதுவும் பெட்டியைக் கிழமைக்கணக்காகப் போடாமல் வைத்திருந்தால், ராம் பட்டையின் அடியில் உள்ள தங்க நிறப் பற்களில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மங்கல் படிந்துவிடும். அது போதும், கணினி ராமைக் காணவில்லை என்று நின்றுவிடும். சில பெட்டிகள் நீளமாகப் பீப் பீப் என்று கத்தும், சிலது பேசாமல் இருக்கும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்லொட்டின் இரு முனையிலும் உள்ள பிளாஸ்டிக் காதுகளை வெளியே தள்ளினால் பட்டை தானாக மேலே வரும் (சில மதர்போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் காது அசையும், மற்றப் பக்கத்தைப் பலவந்தப்படுத்த வேண்டாம்). பட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பற்களை அழிரப்பரால் ஒரே திசையில், முன்னும் பின்னும் மாறி மாறித் தேய்க்காமல், இரு பக்கமும் ஏழெட்டுத் தரம் இழுங்கள். பிரஷ்ஷால் அழிரப்பர்த் தூளை நன்றாகத் தட்டிவிடுங்கள், ஸ்லொட்டுக்குள்ளும் பிரஷ்ஷை ஓட்டுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரமும் உப்புத்தான். திரும்பப் போடும்போது பட்டையில் உள்ள வெட்டு ஸ்லொட்டின் மேட்டோடு பொருந்துகிறதா பார்த்து, இரு பக்கமும் டக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பயந்து மெல்ல அழுத்திப் பாதியில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

*இன்னும் கறுப்பு என்றால்* இரண்டு பட்டை உள்ளவர்கள் ஒன்றை மட்டும் போட்டு, அதை ஒவ்வொரு ஸ்லொட்டாக மாற்றிப் பாருங்கள், பிறகு மற்றப் பட்டையை. ஒரு பட்டைக்கு எழும்பி மற்றதற்கு எழும்பாவிட்டால் எழும்பாத பட்டை போய்விட்டது. எந்தப் பட்டை போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லொட்டில் மட்டும் இல்லை என்றால் ஸ்லொட் போய்விட்டது, மற்ற ஸ்லொட்டில் போட்டு ஓட்டுங்கள்.

அதற்கும் சரிவராவிட்டால் மதர்போர்டில் உள்ள காசளவு வட்டப் பற்றரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பப் போடுங்கள். தனிக் கிராஃபிக்ஸ் காட் இருந்தால் அதைக் கழற்றி, பற்களை அதே மாதிரித் துடைத்துப் போடுங்கள். மதர்போர்டிலேயே மொனிற்றர் துவாரம் இருந்தால் காட் இல்லாமலும் ஒருதரம் முயன்று பாருங்கள்.

இவ்வளவும் செய்தும் கறுப்புத்தான் என்றால் மிச்சம் மதர்போர்டோ புரொசசரோ. அங்கே நிறுத்திவிட்டு வேறொருவர் கையில் கொடுங்கள், மேலே சொன்ன அதே நிபந்தனையோடு.

திகதியும் நேரமும் ஒவ்வொரு தடவையும் பின்னுக்குப் போகிறது

வட்டப் பற்றரி முடிந்துவிட்டது. சிஆர் 2032 என்று கேளுங்கள், 3 வோல்ட், மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். எழுத்துள்ள பக்கம் மேலே வர வேண்டும். திகதி பிழை என்றால் இணையத்தளங்கள் "பாதுகாப்பில்லை" என்று சொல்லித் திறக்க மறுக்கும், அதை வைரஸ் என்று நினைத்து விண்டோஸ் மாற்றக் காசு கொடுத்தவர்களைத் தெரியும்.

எழும்புகிறது, ஆனால் தேத்தண்ணி போட்டுக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் திறக்காது

புதுக் கணினி வாங்குகிற முடிவு பெரும்பாலும் இங்கேதான் எடுக்கப்படுகிறது, பெரும்பாலும் பிழையாகவும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். கணினி திணறுகிற நேரத்தில் அதில் டிஸ்க், மெமரி (ராம்), சிபியு (புரொசசர்) மூன்றில் எது நூறை ஒட்டி நிற்கிறது என்று ஐந்து நிமிடம் பாருங்கள்.

*டிஸ்க் 100 இல் நிற்கிறது, மற்ற இரண்டும் சும்மா இருக்கிறது.* உங்கள் பெட்டியில் சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, இன்றைய விண்டோஸுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. முதலில் டிஸ்க் நிறைந்து வழிகிறதா பாருங்கள், சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும். தொடங்கும்போதே தானாக எழும்புகிற செயலிகளை டாஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் நிறுத்துங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்கிற இலவசச் செயலியைப் போட்டால் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். நீலம் என்றால் நலம், மஞ்சள் அல்லது சிவப்பு என்றால் அடுத்த தலைப்புக்கு ஓடுங்கள்.

நலமாக இருந்தும் மெதுவாக இருந்தால் எஸ்எஸ்டி (சுற்றுகிற பாகம் இல்லாத டிஸ்க்) ஒன்றுக்குக் காசு போடுங்கள். பழைய பெட்டிக்குச் செய்யக்கூடிய செலவில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. சுற்றுகிற டிஸ்க் நன்றாக ஓடினால் விநாடிக்கு 100 முதல் 150 மெகாபைட் வாசிக்கும், சாட்டா எஸ்எஸ்டி 500 வரை போகும். அதைவிட முக்கியம், ஆயிரம் சின்னக் கோப்புகளை அங்குமிங்கும் தேடும்போது சுற்றுகிற டிஸ்க்கில் ஊசி ஓடித் திரிய வேண்டும், எஸ்எஸ்டியில் அந்த ஓட்டமே இல்லை. சாம்பல்தீவில் அக்கா ஒருவரின் நாலாம் தலைமுறைப் புரொசசர் உள்ள பெட்டி, மகள் உயர்தரப் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள்களைத் திறக்கவே அழுதுகொண்டிருந்தாள். 240 கிகாபைட் எஸ்எஸ்டி ஒன்று போட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றியதும் அரை நிமிடத்தில் எழும்பியது. அந்தப் பிள்ளை பரீட்சை முடியும்வரை அதில்தான் படித்தாள். பழைய டிஸ்க்கையும் எறிய வேண்டாம், படங்கள் வைக்க உள்ளேயே இருக்கட்டும்.

*மெமரி 90 இல் நிற்கிறது.* 4 கிகாபைட் ராமோடு பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தால் அப்படித்தான் நிற்கும். 8 ஆக்கினால் வீட்டு வேலைக்குப் போதும். வாங்குமுன் மூன்று விடயம்: பழைய பட்டையைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள், ஏனென்றால் டிடிஆர் 3 என்கிற பழைய வகை ராமின் ஸ்லொட்டில் புதிய டிடிஆர் 4 ஏறாது, வெட்டு வேறிடத்தில் இருக்கும். விண்டோஸ் 64 பிட்டா என்று பாருங்கள், 32 பிட் என்றால் 4 கிகாபைட்டுக்கு மேல் போட்டும் பிரயோசனமில்லை. டிடிஆர் 3 என்றால் பாவித்த பட்டையே போதும், புதிதுக்குக் காசு கொடுக்காதீர்கள், அடுத்த பெட்டிக்கு அது வராது.

*சிபியு ஓயாமல் 100 இல் நிற்கிறது.* எந்தச் செயலி என்று அதே பட்டியலில் மேலே தெரியும். களவாக எடுத்த செயலிகள் உள்ள பெட்டிகளில் பெயர் தெரியாத ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதுதான் வழி. அப்படி எதுவும் இல்லாமல் ஒரு வீடியோ பார்க்கவே சிபியு முட்டுகிறது என்றால் இந்தப் பெட்டியின் காலம் முடிந்துவிட்டது. பழைய மதர்போர்டுக்குக் கொஞ்சம் பெரிய புரொசசர் தேடிப் போட ஆசைப்பட வேண்டாம், கிடைக்கிற வேகத்துக்கு அந்தக் காசு தகாது.

டிக் டிக் சத்தம், கோப்புகள் காணாமல் போகிறது, நீலத் திரை

டிஸ்க் சாகிறது. அதைப் போட்டுப் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். எழும்புகிற நிலையில் இருந்தால் மிக முக்கியமான கோப்புகளை மட்டும் முதலில் பிரதி எடுங்கள், கல்யாண வீடியோ பெரியது, அது கடைசியில். முழு ஸ்கேன் எதுவும் ஓட விடாதீர்கள், சாகிற டிஸ்க்கை அது விரைவாகச் சாகடிக்கும். ஃபிரிட்ஜில் வைப்பது, தட்டுவது, மூடியைத் திறந்து பார்ப்பது எல்லாம் மிச்சமிருக்கிற வாய்ப்பையும் கெடுக்கும்.

எழும்பாவிட்டால், உள்ளே இருப்பது திரும்ப எடுக்க முடியாத படங்கள் என்றால், கொழும்பில் தரவு மீட்கிறவர்களிடம் கொடுக்க வேண்டியிருக்கும், அது விலை கூடிய வேலை. கொடுக்குமுன் பார்வைக் கூலி எவ்வளவு, எடுக்க முடியாவிட்டால் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உள்ளே ஒன்றும் முக்கியமில்லை என்றால் மனம் தளர வேண்டாம், டிஸ்க் செத்தால் கணினி செத்ததாக அர்த்தமில்லை. எஸ்எஸ்டி ஒன்றோடு அதே பெட்டி எழும்பும்.

நீலத் திரை மட்டும் வருகிறது, டிஸ்க் நலம் என்றால் ராமில் சந்தேகப்படுங்கள். அழிரப்பர் வேலையைச் செய்துவிட்டு, ஸ்டார்ட்டில் விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக் என்று தேடி இரவில் ஓட விடுங்கள்.

அதுவாக அணைகிறது அல்லது திரும்பத் தொடங்குகிறது

எப்போது என்று ஒரு கிழமை குறித்து வையுங்கள். மருந்து அதில்தான் இருக்கிறது.

*பகல் இரண்டு மணி, பத்து இருபது நிமிடம் ஓடிய பிறகு.* கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வீட்டுக்குள்ளேயே 35 பாகை போகிறது, பெட்டிக்குள் கேட்க வேண்டுமா. பக்கமூடியைத் திறந்து, விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு புரொசசருக்கு மேலே உள்ள அலுமினியத் தகடுகளுக்கு இடையில் பிரஷ்ஷை ஓட்டுங்கள். அங்கே பஞ்சு மாதிரித் தூசு அடைத்திருக்கும், மணல் கலந்து, பூனை உள்ள வீடு என்றால் மயிரும். இதை முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள். பிறகு பயோஸ் என்கிற, விண்டோஸுக்கு முன் வருகிற அமைப்புத் திரைக்குள் போய் (தொடங்கும்போது டிலீட் அல்லது எஃப் 2) வெப்பநிலையைப் பாருங்கள், சும்மா இருக்கும்போதே 80 ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கூலர் சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் நடுவில் பூசிய பசை காய்ந்துவிட்டது. இன்டெல் பெட்டிகளில் கூலரின் நாலு மூலையிலும் பிளாஸ்டிக் ஆணி, வயதானால் அதில் ஒன்று வெடித்துவிடும். பசை மாற்றுவது மலிவான வேலைதான், முன்பு செய்யாதவர் கடையில் கொடுத்துச் செய்வது நல்லது, புரொசசரிலோ அதன் சொக்கெட்டிலோ உள்ள ஊசிகள் வளைந்தால் கதை முடிந்தது.

*ஃபிரிட்ஜ் அல்லது தண்ணீர் மோட்டர் எழும்புகிற நேரம்.* லயிட்டும் மங்குகிறதா? அப்படியென்றால் பெட்டியில் பிழையில்லை, வோல்ட் விழுகிறது. கணினியை வேறு லைனில் போட்டுப் பாருங்கள். எங்கே போட்டாலும் மங்கினால் எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், மெயினில் ஏதோ தளர்ந்திருக்கலாம், அது வீட்டுக்கே ஆபத்து. 2022 இல் நாளுக்குப் பல மணி நேரம், ஒரு கட்டத்தில் 13 மணி நேரம் வரை, கரண்ட் நின்று நின்று வந்த நாட்களுக்குப் பிறகு நான் பார்த்த பவர் சப்ளைகளில் பல இப்படித்தான் பலவீனப்பட்டிருந்தன: சும்மா இருக்கும்போது ஓடும், கொஞ்சம் வேலை கொடுத்தால் அணையும். அதற்கு மருந்து பவர் சப்ளை மாற்றுவது, அதோடு பற்றரி உயிரோடு உள்ள யூபிஎஸ்.

*நேரம் காலம் இல்லாமல்.* ராம், பிறகு பவர் சப்ளை, கடைசியில் மதர்போர்ட், இந்த வரிசையில்.

கேசிங்கைத் தொட்டால் சுள் என்று அடிக்கிறது

இதில் நீங்கள் ஒன்றும் சோதிக்க வேண்டாம். செருப்புப் போட்டுக்கொண்டு பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரீசியனை அழைத்து எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு உட்கார்ந்து படிக்கிற இடம் அது.

இடி மின்னலுக்குப் பிறகு இணையம் மட்டும் இல்லை

ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடியோடு இது வரும். ரூட்டரில் போனுக்கு வைஃபை வருகிறது, வயர் போட்ட கணினிக்கு மட்டும் இல்லை என்றால் வயரை மாற்றுங்கள், ரூட்டரில் வேறு துவாரத்தில் போடுங்கள். அதற்கும் இல்லையென்றால் மதர்போர்டின் வலைத் துவாரம் எரிந்திருக்கும். அதற்காகப் பெட்டியை மாற்றத் தேவையில்லை, யூஎஸ்பியில் செருகுகிற சின்ன வைஃபை அடாப்டர் போதும். முழங்கத் தொடங்கியதும் கரண்ட் வயரோடு சேர்த்து ரூட்டரிலிருந்து வருகிற வயரையும் கழற்றுங்கள். செப்புத் தொலைபேசி இணைப்பு உள்ள வீடுகளில் மின்னல் அந்தக் கம்பி வழியாகவும் உள்ளே வரும்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் விண்டோஸ் 10 முடிந்தது என்று செய்தி வருகிறது

விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. கணினி அன்றோடு நிற்காது, பாதுகாப்புப் புதுப்பிப்புகள்தான் நிற்கும். வீட்டுப் பாவனைக்கு மேலதிகமாக ஒரு வருடம், 2026 ஒக்டோபர் 13 வரை, பதிந்து பெறலாம் என்று அறிவித்திருந்தார்கள், அதை அப்டேட் பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்க்க முதலில் புரொசசரின் பெயர். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல்தான், அதாவது ஐ5 க்குப் பின்னால் வருகிற நாலு இலக்கம் 8 இலோ 9 இலோ தொடங்க வேண்டும் (ஐந்து இலக்கம் என்றால் அது பத்தாம் தலைமுறை அல்லது அதற்கு மேல்). இந்த டெஸ்க்டொப் புரொசசர்கள் 2017 கடைசியில்தான் வந்தன, ஆகவே அதற்கு முந்திய பெட்டி என்றால் முறைப்படி ஏறாது. புரொசசர் சரியாக இருந்தும் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி இல்லை என்று சொன்னால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பயோஸில் அணைத்து வைத்திருப்பார்கள், அதை இயக்கினால் போதும்.

ஏறாத பெட்டியாக இருந்து, வேலை படம் பார்ப்பது, எழுதுவது, பிரவுசர் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுங்கள். இலவசம், தமிழ் எழுதவும் முடியும், முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வங்கி வேலை, கணக்கு மென்பொருள் என்று விண்டோஸ் கட்டாயம் தேவையானவர்கள் மாற்றத்துக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள்.

எந்தப் புள்ளியில் நிறுத்துவது

என் கணக்கு இப்படி. அடுத்த பெட்டிக்கும் கூடவே வரக்கூடிய சாமானுக்குத் தயங்காமல் காசு போடுங்கள்: எஸ்எஸ்டி, மொனிற்றர், யூபிஎஸ், வழமையான அளவுப் பவர் சப்ளை. பழைய பெட்டியோடு சாகிற சாமானுக்கு, அதாவது டிடிஆர் 3 ராம், பழைய மதர்போர்ட், பழைய புரொசசர், கையை இறுக்குங்கள். அப்படிப்பட்ட சாமானுக்கான செலவு, அதே வேலையைச் செய்கிற நல்ல பாவித்த பெட்டியின் விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் நான் நிறுத்தச் சொல்லிவிடுவேன். ஒரே வருடத்தில் இரண்டு வேறு பிழைக்குக் கடைக்குப் போன பெட்டிக்கும் அதே பதில்தான்.

பாவித்தது வாங்குகிறீர்கள் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். கடையிலேயே ஒரு மணி நேரம் ஓட விட்டு, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்த்து, பின்பக்க யூஎஸ்பித் துவாரங்களுக்குள் டோர்ச் அடியுங்கள். உள்ளே வெள்ளைப் பொடியோ துருவோ இருந்தால் அந்தப் பெட்டி ஏற்கெனவே கடற்கரையில் வாழ்ந்தது, எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம். வாரண்டி எத்தனை மாதம் என்பதை பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் எங்கே வைப்பது என்பதும் அவ்வளவு முக்கியம். கடற்பக்க ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், நிலத்திலிருந்து ஒரு அடி உயரம். மாரியில் தேவை இல்லாவிட்டாலும் கிழமைக்கு இரண்டு நாள் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள், அதன் சூட்டிலேயே உள்ளே உள்ள ஈரம் காய்ந்துவிடும். துணி போட்டு மூடுவதென்றால் அணைத்து ஆறிய பிறகு மட்டும்.

கடைசியில் பழையதைக் கழிக்கிறீர்கள் என்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள், உங்கள் வங்கிப் பத்திரமும் பிள்ளைகளின் படமும் அதற்குள்தான் இருக்கிறது. நலமான டிஸ்க் என்றால் யூஎஸ்பிக் கூடு ஒன்றுக்குள் போட்டால் வெளி டிஸ்க்காக இன்னும் சில வருடம் உழைக்கும். யூபிஎஸ் பற்றரியைக் குப்பையோடு எறியவோ வளவில் புதைக்கவோ வேண்டாம், அதற்குள் ஈயமும் அமிலமும் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற ஊர் இது. பழைய வாகனப் பற்றரி எடுக்கிற கடைகளில் கேட்டால் பெரும்பாலும் இதையும் எடுத்துக்கொள்வார்கள்.